பெடல் விதானையார் இறங்காத வீதி

தபால்காரரைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கி, தொப்பியைக் கழற்றி, இருபது யார் தூரம் உருட்டிக்கொண்டு போய், பிறகு ஏறி ஓடிய மனிதர் லண்டன் மாநகரத்தில் ஒரே ஒருவர்தான். அவரைப் பெடல் விதானையார் என்பார்கள். ஊரில் விதானையார் என்றால் கிராமத்து அரசாங்க அலுவலர். இவர் அந்த உத்தியோகம் பார்த்தவரில்லை. லண்டன் வீதியெல்லாம் தானே அளந்து போட்டதுபோலப் பேசுவார், அதனால் வந்த பெயர். சொந்தப் பெயரை நான் கேட்டதில்லை. கேட்டவர்களும் மறந்துவிட்டார்கள்.

அவரை முதலில் கண்ட அன்று நான் ரெய்னர்ஸ் லேனிலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தேன். அங்கே ஒரு பலசரக்குக் கடையில் அரிசி மூட்டை தூக்கும் வேலை. விடியக்காலையில் முதலாளியோடு வாய்த்தர்க்கப்பட்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டுவிட்டேன். எனக்கு அது ஒன்பதாவது வேலையோ பத்தாவதோ. லூயிஷாம் பக்கம் கோயிலில் பின்னேரப் பூசைக்குப் பிறகு சோறு கொடுப்பார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி, லண்டனின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நடை. நியூ குறொஸ் வந்தபோது காலில் கொப்புளம் உடைந்து சப்பாத்து ஈரமாகிவிட்டது.

எனக்கு முன்னால் ஒருவர் சைக்கிளில் போனார். நடுத்தர வயது, காற்சட்டைக் காலில் இரும்பு வளையம், தலையில் கம்பளித் தொப்பி. எதிரே தபால்காரர் வந்தார். சைக்கிள்காரர் பொத்தென்று குதித்தார். தொப்பி கைக்கு வந்தது. தலை குனிந்தது. தபால்காரர் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, பயந்துபோய் எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறிவிட்டார்.

அடுத்த சந்தியில் பள்ளிப் பிள்ளைகளைக் கடக்கவிடும் கிழவி, மஞ்சள் கோட்டும் கையில் தடியுமாக நின்றாள். இவர் மறுபடியும் குதித்தார். அதற்கடுத்து ஒரு தீயணைப்புக்காரர், வேலை முடிந்து ஐஸ்கிறீம் நக்கிக்கொண்டு வந்தார். அவருக்கும் இறங்கினார். ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"அண்ணை, ஊரிலை எவடம்?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏன் காணும், என்னைத் தமிழன் எண்டு எப்பிடிக் கண்டுபிடிச்சனீர்?"

"நீங்கள் இறங்கின விதத்திலை."

எங்கள் பக்கத்தில் சைக்கிள் ஓடிய எவருக்கும் இது தெரியும். இராணுவத்தின் சோதனைச் சாவடி, ஆமிக் காவலரண், வந்தால் இருபது யாருக்கு முன்பே இறங்கவேண்டும். தொப்பி போட்டிருந்தால் கழற்றவேண்டும். உருட்டிக்கொண்டு கடந்து, இருபது யாருக்குப் பிறகுதான் ஏறலாம். ஒருநாள் அவர் இறங்கப் பிந்திவிட்டார். இடது முழங்கால் அதற்குப் பிறகு முழுதாக மடங்கியதில்லை. இதை அவர் மழை பெய்தது என்று சொல்வதுபோலத்தான் சொன்னார்.

"இஞ்சை ஏன் அண்ணை இறங்குறியள்? அவன் தபால்காரனெல்லே?"

"எனக்குத் தெரியாதே? நான் இறங்கேல்லை காணும். கால் இறங்குது. சீருடையைக் கண்டா அது என்னட்டைக் கேக்கிறேல்லை."

அன்றைக்கு எனக்குக் கோயில் சோறு கிடைக்கவில்லை. லூயிஷாமில் அவருடைய அறையில் பாணும் சம்பலும் கிடைத்தது. தரையில் படுக்க இடமும் கிடைத்தது. இரண்டு கிழமை என்று சொல்லித் தங்கினேன், பத்து மாதமாகிவிட்டது.

அவருக்கு ஆஸ்பத்திரி லாண்டரியில் பகல் வேலை. வீட்டிலிருந்து சைக்கிளில் கால் மணி நேரம். அவருக்கு ஒரு மணி நேரம் எடுக்கும். பார்க்கிங் அபராதச் சீட்டு எழுதுகிறவர்கள் தெருவில் நிற்கும் நாளில் ஒன்றேகால். ஒரு ஞாயிற்றுக்கிழமை சீருடை போட்ட ஒரு பேண்ட் கோஷ்டி மேளம் கொட்டிக்கொண்டு ஊர்வலம் போனது. இவர் தொப்பியைக் கையில் பிடித்தபடி கடைசி ஊதுகுழல்காரன் கண்ணுக்கு மறையும்வரை நின்றார். இரண்டு வெள்ளைக்காரக் கிழவர்கள் அந்த மரியாதையைக் கண்டு கண் கலங்கி இவருக்குக் கை கொடுத்தார்கள்.

"பேசாமல் பஸ்ஸிலை போங்கோவன்" என்றால், "பஸ்ஸிலை கொண்டக்டர் நிப்பான். அவனுக்கும் சீருடை. ஓடுற பஸ்ஸிலை இருந்து எப்பிடி இறங்கிறது?" என்பார்.

உச்சக்கட்டம் பொலிஸ்காரர் விஷயம். ஒரு பொலிஸ்காரரைக் கண்டு இவர் குதித்து, தலை குனிந்து உருட்டினார். அந்த உருட்டல் எந்தப் பொலிஸ்காரருக்கும் சந்தேகம் தரும். "இது உன் சைக்கிளா?" என்று கேட்டார். ஓம் என்றார் விதானையார். "அப்படியென்றால் ஏறி ஓடிக் காட்டு" என்றார் பொலிஸ்காரர். சீருடைக்கு முன்னால் ஏறி ஓடுவதா? விதானையார் ஹாண்டிலைப் பிடித்தபடி வேர்த்து நின்றார். பொலிஸ்காரர் தள்ளி நின்று பார்த்தார், தட்டிக் கொடுத்தார், கெஞ்சியும் பார்த்தார். கால் ஏறவில்லை. கடைசியில் சைக்கிளும் ஆளுமாகப் பொலிஸ் நிலையம் போனார்கள்.

மரக்கறிக்கடை ராசாத்தியக்காதான் சைக்கிள் வாங்கிய பற்றுச்சீட்டைக் கொண்டுபோய் அவரை மீட்டுவந்தா. எங்கள் தெருவில் பாதிப் பேருக்காக ஆங்கிலம் பேசியது ராசாத்தியக்காதான். மீதிப் பேருக்கு ஏச்சும் அவவிடம்தான்.

"சைக்கிள் ஓடத் தெரியாதெண்டு எழுதிக் குடுத்துத்தான் கூட்டிக்கொண்டு வந்தனான். இனி ஓடிப் பிடிபட்டா அது வேறை கேஸ்!"

இத்தனைக்கும் பிறகு அவர் சைக்கிளை விடவில்லை. அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. ஒரு வீதியைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை, எந்தச் சீருடைக்கும் இறங்காமல், ஒருமுறை ஓடி முடிக்கவேண்டும். தண்ணீர் குடிக்க இறங்கலாம், காலாற இறங்கலாம். "நானா இறங்கினா அது என்ரை இறக்கம். அவங்களுக்காக இறங்கக்கூடாது." லூயிஷாமிலிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் இரண்டாவது மைலில் யாராவது ஒருவர் பொத்தான் வைத்த உடுப்போடு வந்துவிடுவார்.

ஒருநாள் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் காத்திருக்கும் இடத்திலிருந்து ஒரு பழைய உல்லாசப் பயணப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். சுவிஸ் மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு. ஆற்றோடு ஒட்டி, சைக்கிளுக்கென்றே போட்ட பாதை. கீழே ஒரு மரப்பாலத்தில் தொடங்கி மேலே ஒரு சின்னத் தேவாலயத்தில் முடிகிறது. முப்பத்தெட்டுக் கிலோமீட்டர். கார் இல்லை, லொறி இல்லை, பஸ் இல்லை, சந்தி இல்லை.

"சந்தி இல்லாட்டி பொலிஸ் இல்லை. கார் இல்லாட்டி பார்க்கிங் சீட்டு இல்லை" என்றார். சமன்பாட்டைக் கண்டுபிடித்தவர்போல முகம் மின்னியது.

ராசாத்தியக்கா கடையில் இந்தச் செய்தியைச் சொன்னபோது மூன்று பேர் கத்தரிக்காய் பொறுக்குவதை நிறுத்திவிட்டார்கள்.

"சுவிஸிலை ஆர் இருக்கினம்?"

"ஒருத்தருமில்லை."

"தங்கச்சிமார்?"

"இல்லை."

"ஊராக்கள்?"

"நான் போற இடத்திலை ஒருத்தருமில்லை."

அக்காவுக்கு வந்த அதிர்ச்சியை நான் இன்றுவரை வேறு முகத்தில் கண்டதில்லை. "ஒருத்தருமில்லாத இடத்துக்கு ஆராவது போவினமே? விசரே உங்களுக்கு?"

அவ கேட்டது நியாயம். எங்கள் சனம் உலகமெல்லாம் போனது. ஆனால் ஒவ்வொரு பயணமும் யாரோ ஒருவருடைய வீட்டுக் கதவில் முடிந்தது. கலியாணம், செத்தவீடு, பிள்ளைப்பேறு, அகதி மனு என்று ஒரு காரணம் வேண்டும். சைக்கிள் ஓடுவதற்காக நாடு விட்டு நாடு போவது காரணமல்ல, வைத்தியரிடம் காட்டவேண்டிய வருத்தம்.

விசா அலுவலகத்திலும் அதே வியப்பு. "எதற்குப் போகிறீர்?" "சைக்கிள் ஓட." "எங்கே?" "மேலே போய்க் கீழே வர." "ஏன்?" "அங்கே வாகனம் இல்லை." இரண்டு முறை மறுத்தார்கள். மூன்றாம் முறை சைக்கிளையே உள்ளே கொண்டுபோய்விட்டார். வாசலில் காவல்காரர் நின்றதால் எப்படியும் உருட்டத்தான் வேண்டியிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் எழும்பி நின்று சைக்கிளைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள். கடைசியில் ஆறு நாள் கொடுத்தாள். விதானையார் என்னையும் சேர்த்துக்கொண்டார், ஓட ஒரு சைக்கிளும் இரவல் வாங்கித் தந்தார். நான் அப்போதும் வேலை இல்லாமல்தான் இருந்தேன்.

"நான் எதுக்கு அண்ணை?"

"சாட்சி வேணும். நானே போய் நானே வந்து சொன்னா ஆர் நம்புவினம்?"

என் விசா விண்ணப்பத்தில் பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் 'சாட்சி' என்றே எழுதினோம். அதற்கும் விசா தந்தார்கள். எனக்கு அது இன்றுவரை நம்ப முடியாத சங்கதி.

பயணம் உறுதியானதும் தெரு முழுவதும் மனம் மாறிவிட்டது. ஒருத்தருமில்லாத இடத்துக்குப் போகக்கூடாது. ஆனால் போகிறவரைச் சும்மா விடவும் கூடாது. மிளகாய்த்தூள், மோர்மிளகாய், பனங்கட்டி, ஒரு கூறைச்சேலை. எல்லாவற்றுக்கும் மேலாக ராசாத்தியக்காவின் தங்கைக்கு ஒரு பிரஷர் குக்கர். இடத்தின் பெயரை விசாரித்தபோதுதான், தங்கை அந்தப் பள்ளத்தாக்கு தொடங்கும் பட்டணத்தில் இருப்பது தெரியவந்தது.

"ஒருத்தருமில்லை எண்டு சொன்னனீங்கள். பாருங்கோ, நான் ஆளைக் கண்டுபிடிச்சுத் தந்திருக்கிறன்" என்று அக்கா பெருமையாகச் சொன்னா. விதானையாருக்குச் சீருடைக்கு மட்டுமில்லை, பார்சலுக்கும் இல்லையென்று சொல்லத் தெரியாது.

சூரிச் விமான நிலையத்தில் சுங்கத்து நாய் மிளகாய்த்தூள் பொதியை முகர்ந்துவிட்டு ஏழு தரம் தும்மியது. நான் இரண்டடி பின்னால் போனேன். சுற்றிவர ஐந்தாறு சீருடைகள். விதானையார் மட்டும் அசையாமல் நின்றார். சைக்கிள்கள் அட்டைப்பெட்டிக்குள் கிடந்தன.

"பயமில்லையே அண்ணை?"

"நடந்து வந்தவன் எதிலை இருந்து இறங்கிறது?"

பட்டணத்தில் தங்கை வீடு பூட்டிக் கிடந்தது. கதவில் ஒரு துண்டு: 'ஷிப்டுக்குப் போறன். பின்னேரம் வாங்கோ.' குக்கரை வெளியே வைத்துவிட்டுப் போக மனம் வரவில்லை. அதனால் சேலையும் தூளும் பனங்கட்டியும் என் சைக்கிளில் ஏறின. குக்கர் அவருடைய கரியரில் ஏறியது. அப்படித்தான் நாங்கள் மரப்பாலத்தைக் கடந்தோம்.

அந்தப் பாதையைப் பற்றி நான் உண்மையைச் சொல்லவேண்டும். அழகுதான். பச்சைப் புல், வெள்ளை மலை, கண்ணாடிபோல ஆறு. ஆனால் முதல் ஒரு மணி நேரம் நான் அதை ரசிக்கவில்லை. சத்தமே இல்லை. எங்கள் ஊரில் வீதியில் சத்தமில்லாவிட்டால் இரண்டு காரணம்தான். ஊரடங்கு போட்டிருப்பார்கள், அல்லது கொஞ்ச நேரத்தில் ஏதாவது வெடிக்கும். நான் ஒவ்வொரு வளைவிலும் பாய்ந்து படுக்க இடம் பார்த்துக்கொண்டே ஓடினேன். எங்கோ மணிச்சத்தம் கேட்டது. கோயிலாக்கும் என்று நெஞ்சில் கை வைத்தேன். பார்த்தால் மாடு. கழுத்தில் அண்டா அளவு மணி.

"அண்ணை, சனமெல்லாம் எங்கை போட்டுது?"

"ஒரு இடமும் போகேல்லை. வீட்டிலை இருக்குதுகள்."

"ஏன்?"

"விருப்பத்திலை காணும். விருப்பத்திலை இருக்குதுகள்!"

ஒரு வெள்ளைக்காரக் கிழவி எங்களைச் சைக்கிளில் முந்திக்கொண்டு போனாள். ஏதோ முகமன் சொன்னாள். இவர் "ஓம் ஓம்" என்றார். பிறகு மறுபடியும் அமைதி. குக்கர் மூடி மட்டும் டிங் டிங் என்று தட்டிக்கொண்டு வந்தது.

பத்தாவது கிலோமீட்டரில் ஆற்றுக்கு அக்கரையில் ரயில் போனது. கதவில் தொப்பி போட்ட கார்ட் நின்றார். விதானையாரின் கால் பெடலில் துடித்தது. "ஆத்துக்கு அங்காலை நிக்கிறது கணக்கில்லை" என்று நான் கத்தினேன். சாட்சிக்கு அந்த அதிகாரம் உண்டு என்று அவரும் ஒப்புக்கொண்டார். இருபதாவதில் ஒரு தோட்டத்தில் பழைய இராணுவக் கோட்டு மாட்டிய வெருளி நின்றது. கால் நிலத்துக்கு நாலு விரல் வரை போய்விட்டது. "வெருளி அண்ணை! குருவிக்குக் கட்டினது!" கால் திரும்பி ஏறியது. அவர் முகத்தில் வேர்வை ஆறாக ஓடியது.

முப்பதாவது வந்தது, முப்பத்திரண்டாவது வந்தது. தூரத்தில் தேவாலயத்தின் கூர் தெரிந்தது. அவர் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சைக்கிளில் இருந்தபடி சீட்டி அடித்தார்.

அப்போதுதான் வளைவு திரும்பி ஆமி வந்தது.

நான் பொய் சொல்லவில்லை. அந்த நாட்டில் ஆமிக்கும் சைக்கிள் உண்டு என்று அந்தப் புத்தகத்தில் ஒரு வரி இல்லை. வரிசையாக, பச்சைச் சீருடையில், முதுகில் துவக்கோடு, கனத்த சைக்கிள்களில் எங்களை நோக்கி வந்தார்கள். ஒரு பக்கம் ஆறு, மறு பக்கம் கம்பி வேலி. உலகத்திலேயே வாகனமில்லாத பாதையைத் தேடி வந்தோம். அங்கே வந்த ஒரே கூட்டம் துவக்கோடு வந்தது.

எனக்கு மூளை நின்றுவிட்டது. கால் தானாகக் குதித்தது. சட்டைப் பையிலிருந்து பயணப் பத்திரத்தை எடுத்து நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு விறைத்து நின்றேன். "அண்ணை! இறங்குங்கோ! இறங்குங்கோ!" என்று கத்தினேன். சாட்சி என்பதும் மறந்துபோனது.

அவர் இறங்கவில்லை. ஓடவும் இல்லை. சைக்கிள் நின்றுவிடுமளவுக்கு மெதுவாகி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. பின்னாலிருந்து எனக்கு அந்த இடது கால்தான் தெரிந்தது. பெடலை விட்டு இறங்கியது. திரும்பி ஏறியது. மறுபடி இறங்கியது.

முன்னால் வந்த பெடியன், அவனுக்கு இருபது வயதிருந்தால் அதிகம், ஆடி ஆடி வரும் சைக்கிளையும் குக்கரையும் பார்த்தான். பாதை ஒடுக்கம். கையைத் தூக்கி ஒரு சொல் சொன்னான். என்ன சொல்லென்று எனக்குத் தெரியாது. அடுத்த கணம் அவ்வளவு பேரும் சைக்கிளை விட்டு இறங்கினார்கள். வேலியோடு வேலியாக ஒதுங்கி, சைக்கிளைப் பிடித்தபடி நின்றார்கள்.

விதானையார் நடுவால் போனார். யாரையும் பார்க்கவில்லை. தொப்பியைக் கழற்றவில்லை. டிங், டிங், டிங் என்று குக்கர் மட்டும் பேசியது. ஒவ்வொருவராக ஏதோ முகமன் சொன்னார்கள். அவர் பெடலை மிதித்தார். வாய் திறந்தால் அழுதிருப்பார் என்று நினைக்கிறேன்.

போன வேகத்தில் குக்கரின் குண்டு, விசில் என்பார்களே அது, கழன்று ஒரு சிப்பாயின் சப்பாத்தடியில் விழுந்தது. அவன் எடுத்து உருட்டி உருட்டிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். ஒரு இராணுவத்துக்குக் குக்கர் விசிலை எந்தப் பாஷையில் விளங்கப்படுத்துவது? தூரத்தில் போகும் குக்கரைக் காட்டி, "ஸ்ஸ்ஸ்ஸ்" என்றேன். அவன் யோசித்தான். பிறகு வாயெல்லாம் சிரிப்பாக அவனும் "ஸ்ஸ்ஸ்ஸ்" என்றான். பின்னால் நின்றவர்களும் "ஸ்ஸ்ஸ்ஸ்" என்றார்கள். விசிலை என் கையில் வைத்துவிட்டு ஏறிப் போய்விட்டார்கள்.

தேவாலய வாசலில் அவர் தானாக இறங்கி, சைக்கிளைப் பூப்போலச் சாத்திவிட்டு, புல்லில் இருந்தார். நான் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கொடுத்தேன்.

"பாத்தனீரோ?"

"பாத்தன் அண்ணை."

"எத்தினை பேர்?"

"இருபத்திரண்டு."

"எல்லாரும் இறங்கினவங்களோ?"

"எல்லாரும்."

"கடைசியா வந்தவனும்?"

"அவனுந்தான்."

"திருப்பிச் சொல்லும் காணும், முதலிலை இருந்து." ஐந்து தரம் சொன்னேன். பின்னேரம் தங்கை வீட்டில் குக்கரைக் கொடுத்தபோது ஒரு தரம். விமானத்தில் மூன்று தரம். லூயிஷாம் கடையில் ராசாத்தியக்காவுக்கு முன்னால் நின்று, சாட்சியாக, ஒரு தரம். அக்கா கத்தரிக்காயைத் தராசில் போட்டபடியே கேட்டா. முடிந்ததும் முன்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "குக்கர் நசுங்கேல்லைத்தானே?" என்று மட்டும் கேட்டா.

மறுநாள் காலை அவரோடு ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனேன். அவர் சைக்கிளில், நான் பக்கத்தில். தெரு முனையில் தபால்காரர் வந்தார். விதானையார் பொத்தென்று இறங்கினார். தொப்பி கைக்கு வந்தது. இருபது யார் உருட்டிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"கால் இன்னும் கேள்விப்படேல்லைப் போலை."

லாண்டரியில் அவருடைய மேற்பார்வையாளர் எனக்காகப் பேசி வைத்திருந்தார். ஆஸ்பத்திரியில் இரண்டு வேலை காலியாக இருந்தது. ஒன்று பின்வாசல் காவல். நீல உடுப்பு, பித்தளைப் பொத்தான், தொப்பி, இருக்க நாற்காலி, காலடியில் ஹீட்டர். மற்றது சமையலறையில் சட்டி கழுவுவது. அதற்கு ஒரு ரப்பர் ஏப்ரன். நான் சட்டி கழுவும் வேலையைக் கேட்டதும் மனிதர் இரண்டு தரம் உறுதிப்படுத்திக்கொண்டார். கையில் கொப்புளம் வரும், குளிர்காலத்தில் வெடிக்கும் என்றும் சொன்னார்.

விதானையார் உட்பட லாண்டரிக்காரர் எல்லோரும் அந்தப் பின்வாசலால்தான் உள்ளே போகவேண்டும். நான் ஏப்ரனை வாங்கிக் கட்டிக்கொண்டேன்.